வழியில் நிற்பவரும் நம் விருந்தினரே
(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரை)



மிதிவண்டி பழுதாகி வழியில் நிற்பவருக்கு, முன்பின் அறியாதவர் செய்யும் உதவியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். திருவிழா மேடையில் இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் வழிப்போக்கருக்கு உதவுவதையே சிவத்தொண்டாகக் கொண்ட ஒருவரைப் பெரியபுராணம் நமக்குக் காட்டுகிறது. திங்களூரில் வாழ்ந்த அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். தம் பெயரை அதில் எழுதவில்லை. ஒரு நாள் அவ்வழியே வந்த நாவுக்கரசரே அப்பந்தலைக் கண்டு வியந்தார். வருபவர் யார் என்று ஆராயாமல் செய்த தொண்டு அது.

மிதிவண்டிக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய உறவுண்டு. ஜான் பாய்ட் டன்லப் 1888இல் மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயரை உருவாக்கியபின் ரப்பரின் தேவை பெருகியது. 1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் நமக்கு அண்மையிலுள்ள புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் அமைத்தார். இம்மாநிலத் தோட்டங்களில் பால்மரம் சீவிய கைகளுள் நம் முன்னோர் கைகள் எத்தனை எத்தனை!

அவர்கள் விடியலுக்கு முன், இருட்டில், செம்மண் பாதையில் மிதிவண்டியில் சென்றனர். சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால் பெரட்டுக்குப் பிந்த நேரிடும். பிந்தினால் அன்றைய கூலியே போகும் நிலையும் இருந்தது. பின்னால் வந்தவர் இறங்கி உதவினாரென்றால், தம் கூலியையும் பணயம் வைத்தே உதவினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பத்து மலாய்ப் பெரியவர் பம்பு எடுத்து வந்து கொடுத்ததும் உண்டு. டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருமிடம் கண்டு ஒட்டுப் போட்டு, காசைச் சம்பள நாளில் பெற்றுக்கொண்ட சீனக் கடைக்காரரும் உண்டு. 1931இல் ராம்நாத் பிஸ்வாஸ் என்னும் வங்காளியர் சிங்கப்பூரிலிருந்து மிதிவண்டியில் உலகப் பயணம் புறப்பட்டு மலாயா வழியாகச் சென்றார். இத்தகைய பயணங்கள் அறியாதவர் காட்டும் அன்பின்றி நிறைவேறுவன அல்ல.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. நாமும் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மாறிவிட்டோம். இன்று சாலையோரம் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ பிழைக்க வந்த தொழிலாளியாக இருக்கலாம். நம்மவர் அல்லரே என்று கடந்து போகலாமா? நம் பாட்டனாரும் ஒரு காலத்தில் இந்நாட்டில் மொழி அறியாது நின்றவர் அல்லவா?

திருட்டுக்கும் கொள்ளைக்கும் அஞ்சுவதாகச் சிலர் கூறுவர். அவ்வச்சம் பொய்யன்று. இறங்க அஞ்சுவோர், வெளிச்சமுள்ள இடத்தில் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைச் சற்றே இறக்கி, என்ன வேண்டும் என்று கேட்கலாம். அடுத்த கடையிலாவது செய்தி சொல்லிச் செல்லலாம். ஒன்றும் செய்யாமல் போவதற்கு அச்சம் காரணமாகாது.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆலய வாயிலில் ஒரு காற்றுப் பம்பும், ஒட்டுப் போடும் பொருள்களும், ஒரு பானை குடிநீரும் ஆண்டு முழுவதும் இருக்கட்டும். எந்த இனத்தவரும் எந்தச் சமயத்தவரும் கேளாமலே எடுத்துப் பயன்படுத்தட்டும். இளைஞர்கள் அவற்றைப் பேணும் பொறுப்பை ஏற்கட்டும். அங்கு உபயதாரர் பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம். அப்பூதியடிகள் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. நாமும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் கிட்டுமாக.