பேறுகாலத்திற்கு முன் பேசிக்கொள்வோம்

பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பேறுகாலம் இரட்டைக் கவலையைக் கொண்டுவருகின்றது. தாயும் சேயும் நலமாக இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் உள்ள கவலை. நோவின் நடுவே மருத்துவர் சொல்வது நமக்கு விளங்குமா, நாம் சொல்வது அவருக்கு விளங்குமா என்பது நம்மைப் போன்றோருக்கே உரிய கவலை. இந்த இரண்டாவது கவலையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

சித்தூர் நமக்கு அயலூர் அன்று. 1911ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆகும்வரை அது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. இன்றும் அங்குள்ள கடைத்தெருவில் தமிழில் கேட்டால் பெரும்பாலும் தமிழிலேயே விடை வரும். ஆனால் பிரசவ அறையின் வாசலில் நிலைமை மாறிவிடுகின்றது. அங்கே பேச்சு தெலுங்கில். மருந்துக் குறிப்பு ஆங்கிலத்தில்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நம் முதற்குழந்தை அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பிறந்தது. நள்ளிரவில் செவிலியர் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். பிறர் எழுதியதைப் பெயர்த்துத் தருவதையே பிழைப்பாகக் கொண்ட நாம் அதனை ஒரு நிமிடத்தில் படித்துப் புரிந்துகொண்டோம், கையொப்பமும் இட்டோம். உள்ளே நோவில் துடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு அதில் இருந்த ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சை என்பதை அவர் அறிந்தது, அதற்குரிய மேசையின்மேல் கிடத்தப்பட்ட பிறகுதான். குழந்தை நலமே, தாயும் நலமே. எனினும், “ஊராருக்கெல்லாம் மொழிபெயர்க்கிறீர்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று பின்னர் அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

முடிவைப் பிறர் செய்வதும், விளைவைப் பெண் சுமப்பதும் நம் நாட்டில் பழைய வழக்கம். சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறே இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், திண்டிவனத்தில் ஓர் இரவு, மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியருக்கு உதவுமாறு இளம்பெண் ஐடா ஸ்கடரை வேண்டினர். தாம் மருத்துவர் அல்லர், தந்தையே மருத்துவர் என்றார் அவர். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதா என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே ஐடாவை மருத்துவம் கற்கச் செய்தது. 1900இல் அவர் வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியையும் திறந்தார். நோவுற்ற அந்த மூவரின் குரல் மட்டும் இக்கதையில் எங்கும் கேட்பதில்லை என்பதை நாம் கருதவேண்டும்.

இன்று சட்டம் தெளிவாக இருக்கின்றது. வயது வந்து, அறிவு தெளிந்து இருக்கும் பெண்ணின் உடல்மீது செய்யப்படும் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே சம்மதம். உயிரைக் காக்க உடனே செய்தாகவேண்டிய நெருக்கடி மட்டுமே விலக்கு. மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. கணவனின் கையொப்பம் மனைவியின் சம்மதத்திற்கு ஈடாகாது.

ஆனால் சம்மதம் தருவதற்கு முதலில் பொருள் விளங்கவேண்டும். நோவு மிகுந்த வேளை பாடம் கேட்கும் வேளை அன்று. ஆகவே ஏழாம் எட்டாம் மாதங்களிலேயே பேசிவைத்துக்கொள்ளுதல் நன்று. அரசு மருத்துவ நிலையங்களில் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் கருவுற்ற பெண்களுக்கு இலவசப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016இல் தொடங்கியது. அந்த நாளில் கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்லலாம். எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் போதும்: இது ஏன் தேவை? இதனால் வரும் நன்மை என்ன, தீமை என்ன? சற்றுப் பொறுத்தால் என்ன ஆகும், வேறு வழி உண்டா?

அறுவைச் சிகிச்சையைப் பற்றி இக்கேள்விகள் மிகவும் வேண்டியவை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 21 அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தன, ஆந்திரத்தில் 42. அது உயிர் காக்கும் சிகிச்சை; அஞ்சி விலக்கவேண்டியது அன்று. ஆயினும் காரணம் கேட்டறிவது தாயின் உரிமை. இரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தையின் நாடித்துடிப்பு தளர்தல் போன்ற நெருக்கடிகளில் விவாதத்திற்கு இடமில்லை. முன்னரே பேசி வைத்திருந்தால் அப்போது மருத்துவரை நம்பி ஒப்படைப்பதும் எளிதாகின்றது.

இனி நோவைப் பற்றிச் சில சொற்கள். கருப்பை சுருங்கிச் சுருங்கி அதன் வாயைத் திறக்கின்றது. அது பத்து சென்டிமீட்டர் அளவுக்கு விரியவேண்டும். ஒழுங்கின்றி வந்து, ஓய்ந்தால் தணிவது சூட்டு வலி. வரவர நெருங்கி, வரவர வலுத்து, நடந்தாலும் படுத்தாலும் தணியாமல் வருவது மெய்யான பேற்று வலி. அதுவும் இடைவிடாத வலி அன்று. அலைபோல் எழுந்து, உச்சம் கண்டு, அடங்குகின்றது. இடையே ஓய்வு உண்டு என்று அறிந்தவள் அந்த ஓய்வைப் பயன்படுத்திக்கொள்கின்றாள். அறியாதவள் அடுத்த அலைக்கு அஞ்சியே உடலை இறுக்கிக்கொள்கின்றாள்; அச்சம் நோவைப் பெருக்குகின்றது.

நடத்தல், நிமிர்ந்து அமர்தல், மெல்ல மூச்சு விடுதல், இடுப்பைத் தேய்த்துவிடுதல், வெந்நீர் ஒத்தடம் ஆகியவை எளிய துணைகள். இவை போதாவிடில் வலி தணிக்கும் ஊசிகள் உண்டு. அவை தாய்க்கு மயக்கமும் குமட்டலும் தரலாம். குழந்தையின் மூச்சும் மந்தமாகலாம். முதுகுத்தண்டின் அருகே மருந்து செலுத்தும் எபிட்யூரல் முறை நோவை மிகவும் தணிக்கும். ஆனால் கால்கள் தளரலாம், இரத்த அழுத்தம் குறையலாம். எல்லா மருத்துவமனைகளிலும் இது கிடைப்பதில்லை, முன்னரே கேட்டுக்கொள்க. மருந்தை வேண்டுவது கோழைத்தனம் அன்று; வேண்டாம் என்பது வீரமும் அன்று. இரண்டும் தாயின் விருப்பம்.

அனைத்திலும் பெரிய துணை ஆள்துணையே. தாய் விரும்பும் ஒருவர் அருகில் இருக்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. நம் மத்திய அரசும் 2016இலேயே அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவரை உடன் இருக்க அனுமதித்தது. தாய்வீடு தொலைவில் உள்ளவர்கள் அந்த ஒருவரை முன்னரே தேர்ந்துகொள்க. ஊர்மொழி அறிந்தவராயின் மிக நன்று.

ஊர்மொழியில் பத்துச் சொற்களையேனும் தாயே கற்றுவைத்துக்கொள்ளட்டும். தெலுங்கில் பிரசவம் ‘கான்பு’, பேற்று வலி ‘புரிட்டி நொப்புலு’, மூச்சு ‘ஊபிரி’, கையொப்பம் ‘சந்தகம்’. ‘மத்து’ என்றால் நமக்குத் தயிர் கடையும் கோல், அவர்களுக்கு மயக்கம்! செவிலியர் ‘முக்கு’ என்றால் மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. இரு மொழியிலும் அது ஒன்றே. கன்னட நாட்டிலோ மராட்டிய நாட்டிலோ வாழ்வோர் அவ்வம்மொழிச் சொற்களை அண்டைவீட்டுத் தாய்மாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் பேறு திருப்பதியில் நிகழ்ந்தது. இம்முறை பழைய சிகிச்சைத் தாள்களை எடுத்துக்கொண்டு எட்டாம் மாதமே மருத்துவரிடம் சென்றோம். கேள்விகளை மனைவியே கேட்டார், நாம் மொழிபெயர்த்தோம். மீண்டும் அறுவைச் சிகிச்சை நன்றா, இயல்பான பிரசவத்திற்கு முயல்வது நன்றா என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அறுவைச் சிகிச்சையே என்று முடிவாயிற்று. விளைவு முன்போன்றதே, நோவும் ஏறத்தாழ முன்போன்றதே. ஆனால் அந்தத் தாளில் முதற் கையொப்பம் அவருடையது. அதன்பின் அவர் நம்மைப் பழைய கேள்வியைக் கேட்டதில்லை.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் பேறுகாலத்தை எதிர்நோக்கும் பெண் இருந்தால், இன்றிரவு உணவுக்குப் பின் அவருடன் சற்று அமர்ந்து பேசுங்கள். அவர் எதற்கு அஞ்சுகின்றார், யார் உடனிருக்க விரும்புகின்றார் என்று கேளுங்கள். தொட்டிலுக்கும் துணிமணிக்கும் முன்பாகச் செய்யவேண்டிய ஏற்பாடு அதுவே.