பின்பலகையும் நம் கைத்தொழிலும்

(குப்பனூரில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். சேர்வராயன் மலையடியில் வாழும் நமக்குப் படகு எதற்கு என்றும், தமிழ் கற்பிப்பவனுக்குத் தச்சுப் பேச்சு எதற்கு என்றும் வினவுவீர்கள். காரணம் உண்டு. நம் சங்கத்து இளைஞர் சிலர் வெள்ளக் காலத்தில் உதவும்பொருட்டுப் பழைய காற்றுப்படகு ஒன்றை விலைக்கு வாங்கியுள்ளனர். அதன் எஞ்சின் மாட்டும் பின்பலகை விரிசல் கண்டிருக்கின்றது. அதனை எறிந்துவிடலாம் என்பார் சிலர். மக்குப் பூசிச் சாயம் அடித்துவிடலாம் என்பார் சிலர். இவ்விரண்டும் தகாவென்பதே என் துணிபு.

வெள்ளம் கடற்கரையார்க்கே உரியது என்று எண்ணியிருந்த காலம் போயிற்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை நகரம் மூழ்கியபோது, அரக்கோணத்தில் தங்கியுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் காற்றுப்படகுகளைக் கொண்டு மக்களைக் கரை சேர்த்தனர். 2018இல் கேரளத்து மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொணர்ந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தனர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்திலோ, பெஞ்சல் புயல் கரை கடந்த பின்னர், கடலே காணாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஊத்தங்கரை நமக்கு எத்துணைத் தொலைவு என்பதை நீங்களே அறிவீர்கள்.

இனிப் படகின் இயல்பைக் கூறுவேன். ஓகனேக்கலிலும் மேட்டூரிலும் பரிசல் ஓட்டுவோர் துடுப்பொன்றையே நம்புவர். காற்றுப்படகோ எஞ்சினை நம்புவது. ஓலே எவின்ரூட் என்பார் 1909ஆம் ஆண்டு அமெரிக்காவில் படகின் புறத்தே மாட்டும் எஞ்சினை விற்பனைக்குரியதாகச் செய்தமைத்தார். 1934இல் பிரெஞ்சு நாட்டுச் சோடியாக் நிறுவனத்துப் பியேர் தெப்ரூத்தெல் என்பவர் காற்றடைத்த குழல்களாலாகிய படகிற்கு முன்மாதிரி வகுத்தார். காற்றுக் குழலில் எஞ்சினை மாட்டுதல் இயலாது. ஆதலின் குழல்களுக்கிடையே கெட்டியான பலகையொன்று நிறுத்தப்பெறுகின்றது. அதுவே பின்பலகை. படகெங்கும் ரப்பரும் துணியுமாயிருக்க, அதன் உயிர்நிலை பெரும்பாலும் மரத்திலேயே அமைந்திருத்தல் நோக்கற்பாலது.

அப்பலகை விரிசல் காண்பது ஏன்? எஞ்சினின் விசிறி, மாட்டிய இடத்திற்கு ஒன்றேகால் அடி முதல் ஒன்றேமுக்கால் அடி வரை கீழே நின்று படகை முன்னே தள்ளுகின்றது. எஞ்சினின் தண்டு நெம்புகோல்போல் நின்று, பலகையின் கீழ்ப்புறத்தை முன்னோக்கி அழுத்தி, மேல்விளிம்பைப் பின்னோக்கி இழுக்கின்றது. ஒவ்வோர் அலையிலும் இஃது நிகழ்தலின் பலகை ஓயாது வளைந்து நிமிர்கின்றது. வண்டியில் எஞ்சினோடு ஏற்றிச் செல்லுங்கால் சாலைக் குழிகளும் அவ்வாறே செய்கின்றன. ஆயினும் முதற்பகை வளைவன்று, நீரே. திருகாணித் துளை வழியாகவும், காப்புப் பூச்சு உரிந்த மேல்விளிம்பு வழியாகவும் நீர் புகுந்து, ஒட்டுப்பலகையின் அடுக்குகளைப் பிரித்து, உள்மரத்தை உளுக்கச் செய்கின்றது. வெளியே தோன்றும் மயிரிழை விரிசல் அந்நோயின் முகமேயாம். மேலே மக்குப் பூசுதல், புண்ணைக் கழுவாது துணி சுற்றுதலை ஒக்கும். அகத்து ஈரம் வெளியேற வழியின்றிப் பின்னும் கேடு விளைக்கும்.

ஆகவே செய்யற்பாலது யாதெனில், முதலில் எஞ்சினைக் கழற்றிவிடுக. கொட்டாப்புளியின் காம்பினால் பலகை முழுதும் தட்டிக் கேட்க. நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் சிறு துளையிட்டு, வரும் தூளை நோக்குக. கருத்து ஈரமாயின் கெட்ட மரம். வெளுத்து உலர்ந்திருப்பின் நன்மரம். கெட்டதனைத் தயங்காது வெட்டியெடுத்து, எஞ்சியதை நிழலிற் பல நாள் உலர விடுக. வெயிலிற் கிடத்தின் ரப்பர் கெடும்.

பின்னர் ஐ.எஸ். 710 என்னும் தரக்குறி பெற்ற கப்பல்வகை ஒட்டுப்பலகையிலிருந்து ஒட்டுத்துண்டு அறுக்க. முனைக்கு முனை நேராக ஒட்டின் நில்லாது. பலகையின் கனத்தைப்போல் எண்மடங்கு நீளமுள்ள சாய்வாக இரண்டையும் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுதல் வேண்டும். வெட்டிய முகங்களில் முதலில் நீர்த்த எபாக்சிப் பிசினைத் தடவி மரம் உண்ணுமாறு விட்டு, அதன்மேல் கெட்டிப்படுத்திய பிசினை இட்டு, பற்றிரும்பால் அளவாக இறுக்குக. மிக இறுக்கினாற் பிசின் முழுதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். அது கெட்டியான பின் இருபுறமும் கண்ணாடி இழைத்துணியைப் பிசினோடு போர்த்துக. திருகாணித் துளைகளை வேண்டியதினும் பெரிதாக இட்டு, பிசினால் நிரப்பி, அது இறுகிய பின் அதனூடே உரிய அளவு துளைப்பின் நீர் மரத்தைத் தீண்டாது. எஞ்சின் பற்றும் இடத்தில் இருபுறமும் துருவேறா எஃகுத் தகடு வைத்தல் நலம். ஆனால் உளுத்த மரத்தின்மேல் தகடு அறைதல் பேதைமை. தகடு நிற்கும், மரம் போகும்.

உளுப்பு, பலகை குழலோடு சேருமிடம் வரை சென்றிருப்பின் ஒட்டுத்துண்டு பயன்படாது. பழைய பலகையையே அச்சாக வைத்துப் புதியதொன்று செய்தல் வேண்டும். அதனைக் குழலோடு ஒட்டுதற்குரிய பசையும் துணிக்கேற்ப வேறுபடும்: ஐப்பலான் துணிக்கு நியோப்பிரீன் பசை, பி.வி.சி. துணிக்குப் பாலியூரித்தேன் பசை. மாற்றி இட்டால் நில்லாது. ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் நாள்களில் இவ்வொட்டுவேலை செய்யற்க. காற்றின் ஈரம் பசையைக் கெடுக்கும். இப்பகுதியைப் பழகியவரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

வேலை முடிந்த பின்பும், நீர்நிலைக்குரியோர் இசைவு பெற்று, படகைக் கரையில் உறுதியான மரத்தோடு கயிற்றாற் பிணித்து, எஞ்சினை மெல்ல ஓட்டி, இணைப்பு வாய் திறக்கின்றதா என நோக்குக. எஞ்சினைப் படகோடு சங்கிலியால் தனியே பிணித்தலை ஒருபோதும் மறவற்க. படகுத் தகட்டிற் குறித்த குதிரைவேகத்திற்கு மிகுந்த எஞ்சினை மாட்டுதல் கூடாது.

அன்பர்களே! யான் கூறியவற்றுள் எபாக்சியும் இழைத்துணியும் புதியன. மரத்தின் ஓசை அறிதல், சாய்வெட்டு இழைத்தல், ஈரம் உணர்தல் ஆகியவை நம் பாட்டனார் பட்டறையில் நாளும் நிகழ்ந்தவை. இன்று நம் பிள்ளைகள் இழைப்புளி பிடிக்க நாணுகின்றனர். தச்சன் மகன் என்று சொல்லக் கூசும் இளைஞன், வெள்ளத்தில் ஒரு தாயும் சேயும் ஏறிவரும் படகைத் தாங்கும் பலகை தன் கையாலானது என்று கூறக் கூசுவானோ?

மற்றொன்றும் சொல்லல் வேண்டும். சிலர்க்கு அது கசக்கலாம். 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தச்சும் படகு கட்டுதலும் உள்ளன. குடும்பத்தொழில் என்னும் நிபந்தனையை ஏலாத நம் மாநில அரசோ, சாதி வேறுபாடின்றி யாவரும் பயன்பெறக் கலைஞர் கைவினைத் திட்டத்தை வகுத்தது. எத்திட்டம் சிறந்தது என்று வழக்காட யான் வரவில்லை. தொழில் நம் மரபினுள்ளேயே அடைபட்டிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு, அதனையே மறுக்கின்றேன். நம் பிள்ளைகளே விட்டு விலகும் தொழிலை வேறெவரும் கற்கலாகாது என்பது, கிணற்றைத் தூர்த்துவிட்டு உரிமை கொண்டாடுவது போலாம். மலைமேல் வாழும் பழங்குடி இளைஞரும், நம் வீட்டுப் பெண்மக்களும், கற்க விரும்பும் எவரும் இப்பலகை வேலையில் உடன் நிற்கட்டும். கற்பிப்பதனால் தொழில் குறைவதில்லை. கற்பார் இன்மையாலேயே அழிகின்றது.

ஆகவே யான் வேண்டுவன இரண்டு. அப்படகைச் சாயம் பூசி மறைக்காது, நம் முதிய தச்சரின் மேற்பார்வையில் முறைப்படி செப்பனிடுதல் ஒன்று. அவ்வேலையையே திறந்த வகுப்பாக்கி, வரும் மழைக்காலத்திற்கு முன்னரே அனைவர்க்கும் கற்பித்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் சங்கம் தீர்மானமாக நிறைவேற்றும் என நம்புகின்றேன்.