கம்ப்யூட்டர் பட்டமும் சாதியும்: கடைசி செமஸ்டரில் நடப்பது என்ன?

(சேலத்தில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பி.சி.ஏ., பி.எஸ்சி., எம்.சி.ஏ., பி.இ. என்று ஏதோ ஒரு கம்ப்யூட்டர் படிப்பில் இருக்கிறீர்கள். நானும் அந்த வழியில் வந்தவன்தான். இராசிபுரம் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்து பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்து, இப்போது மென்பொருள் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைகளில் ஒன்று. அங்கே கண்டதை வைத்து ஒரே ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இடஒதுக்கீடு நமக்குக் கல்லூரிக்குள் இடம் வாங்கிக் கொடுத்தது. ஆனால் மென்பொருள் படிப்பு பரீட்சை எழுதியதோடு முடிவதில்லை. கடைசி செமஸ்டர் புராஜெக்டில்தான் முடிகிறது. அந்த இடத்தில் சாதி வேறு வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

நம் அப்பா அம்மாக்களுக்குக் கம்ப்யூட்டர் படிப்பின் மேல் ஒரு தனி நம்பிக்கை உண்டு. "ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை, அங்க யாரும் நீ யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க" என்பார்கள். நம் மாவட்டங்களை வைத்துப் பார்த்தால் அதற்குக் காரணம் புரியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி, நாமக்கல் லாரியும் கோழிப்பண்ணையும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை என்று எதை எடுத்தாலும் முதலாளி எந்தச் சாதி, கூலிக்குப் போகிறவர் எந்தச் சாதி என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில்தான் பரம்பரை முதலாளி, பரம்பரைக் கூலி என்று எவரும் இல்லை என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் கடன் வாங்கி நம்மை அனுப்பினார்கள்.

இந்த இடம் சும்மா கிடைத்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வகுப்புவாரி ஆணையை எதிர்த்து 1950-இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இரண்டு பேர். மருத்துவ இடத்துக்காகப் போன செண்பகம் துரைராஜனை எல்லோருக்கும் தெரியும். இன்னொருவர் சீனிவாசன், பொறியியல் இடத்துக்காகப் போனவர். பதினான்கு இடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு இரண்டு இடம் என்றிருந்த ஏற்பாடு 1951-இல் உச்சநீதிமன்றத்திலும் செல்லாது என்றானது. பெரியார் தலைமையில் தமிழ்நாடு கொதித்தது. அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பொறியியல் இடம் என்பது அன்றைக்கே சாதிப் போர்க்களமாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு வந்த ஒவ்வொன்றும் நம் மாவட்டங்களில் நேரடியாகப் பலன் தந்தது. 1984-இல் வந்த நுழைவுத் தேர்வு 2007-இல் ஒழிக்கப்பட்டது. 2009-இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. கொங்குப் பகுதியில் அந்த மூன்று விழுக்காட்டின் அருமை என்ன என்று இங்கிருக்கும் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்றது. 2010-இல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. 2012-இல் அரசாணை 92: சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஏழைப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2021-இல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு. இவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் இந்தக் கூட்டத்தில் பல நாற்காலிகள் காலியாக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு மென்பொருளாளர் உருவாவதற்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுங்கள். சொந்தமாக ஒரு கணினி. தினமும் சில மணி நேரம் தடையில்லாத நேரம். பிழைச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம். சிக்கிக்கொண்டால் கேட்பதற்கு அண்ணனோ அக்காவோ. இதில் எதுவும் அட்டவணையில் இல்லை. எதற்கும் இடஒதுக்கீடும் இல்லை. வீட்டில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் என்ன இருக்கும் என்பதை இந்த நாட்டில் எது தீர்மானிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆய்வக வகுப்பு வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம். அதிலும் பாதி நேரம் ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைப் பார்த்து எழுதுவதில் போகிறது. புரோகிராம் என்பது எழுதி, ஓட்டி, பிழை வந்து, திருத்தி, மறுபடி ஓட்டிக் கற்கிற விஷயம். நீச்சலைப் போல. நோட்டில் எழுதி நீச்சல் வராது. மாலையில் ஆய்வகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அன்றைய கணினி நேரம் அதோடு முடிந்தது. அரசின் இலவச மடிக்கணினி 2011-இல் வந்தபோது இந்த இடைவெளி கொஞ்சம் அடைந்தது. பிறகு அது நின்றுபோன ஆண்டுகளில் படித்தவர்கள் கைப்பேசியிலேயே கோடு எழுதிப் பழகினார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தார்கள். அது ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேர்ந்ததா என்று கணக்குக் கேட்பது நம் வேலை.

மொழி இன்னொரு சுவர். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது சிவிலும் மெக்கானிக்கலும்தான் வந்தன, கணினி அறிவியல் வரவில்லை. எம்.சி.ஏ. மூன்று ஆண்டாக இருந்தது. 2020-21 முதல் இரண்டாகச் சுருங்கியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவருக்கு அது வசதி. முதல் ஆண்டு முழுக்க ஆங்கிலத்தோடும் கீபோர்டோடும் போராடுகிறவருக்கு, மூச்சு வாங்க இருந்த ஓர் ஆண்டு போய்விட்டது.

இப்படி வந்து சேர்கிறவர் கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் செய்ய வேண்டும். சேலம், நாமக்கல், ஈரோடு எங்கே போனாலும் 'புராஜெக்ட் சென்டர்' என்று பலகை தொங்குகிறது. தலைப்புப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, ஆன்லைன் ஷாப்பிங். பணம் கட்டினால் பென் டிரைவில் கோடு, பைண்டிங் செய்த ரிப்போர்ட், வைவாவில் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் வந்துவிடும். கல்லூரிக்கும் இது தெரியும், கைடுக்கும் தெரியும். ஆறு மாதம் கற்பிக்க வேண்டியதைக் கற்பிக்காமல் விட்ட கல்லூரிக்கு இது வசதியாகத்தான் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். ஆனால் நட்டம் எல்லோருக்கும் ஒன்றில்லை. பெங்களூரில் மாமாவோ சித்தப்பாவோ டீம் லீடராக இருக்கிற பையன் புராஜெக்டை வாங்கினாலும் அவன் பயோடேட்டா உள்ளே போய்விடும். நமக்கு உள்ளே யாரும் இல்லை. அந்தப் புராஜெக்ட் ஒன்றுதான் நமக்காகப் பேசும். நேர்முகத் தேர்வில் புதியவரிடம் தவறாமல் வரும் கேள்வி, "இந்தப் புராஜெக்டில் நீங்கள் செய்தது என்ன?" அதற்குப் பதில் இல்லாமல் நின்றால் மாமா இருக்கிறவனை 'தயாராகாமல் வந்துவிட்டான்' என்பார்கள். நம்மை 'கோட்டாவில் வந்ததுதானே' என்பார்கள். பல ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி நாம் விற்றுவிட்டு வருவது இந்த ஒரே சாட்சியைத்தான்.

திறமை மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67 தான். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெயரில் வால் இல்லை. அதனால் இங்கே பெயருக்குப் பதில் சொந்த ஊர், தெரு, அப்பாவின் தொழில் என்று சுற்றி வருகிறார்கள். அமெரிக்கா போனாலும் அது பின்னால் வருகிறது. தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று சிஸ்கோ நிறுவனத்தின் மேல் கலிஃபோர்னியா அரசுத் துறை 2020-இல் வழக்குப் போட்டது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023-இல் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. மென்பொருள் உலகத்தில் சாதி இல்லை என்றால் அந்தச் சட்டத்துக்கு அங்கே என்ன வேலை?

பட்டம் உயிரைக்கூடக் காப்பாற்றிவிடாது என்பதை நம் மண்ணே சொல்லிவிட்டது. ஓமலூர் கோகுல்ராஜ் பொறியியல் முடித்தவர். 2015 ஜூன் 23 அன்று ஆதிக்க சாதியைச் சேர்ந்த கல்லூரித் தோழியோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்குத் தண்டனை வழங்கியது. அடுத்த ஆண்டு உயர்நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது. பத்து ஆண்டு கழித்து, 2025 ஜூலை 27 அன்று, சென்னையில் மென்பொருள் பொறியாளராக இருந்த கவின் செல்வகணேஷ் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். "யாரும் நீ யாருன்னு கேக்க மாட்டாங்க" என்ற நம் அப்பாக்களின் நம்பிக்கைக்கு இந்தச் சமூகம் தந்த பதில் அது.

அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்? கணினிக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் அதற்கு எழுதுகிறவருக்குத் தெரியும். புராஜெக்ட் தலைப்புகளில் அடிக்கடி வருவது 'திருமணத் தகவல் மையம்'. அதில் சாதி என்று ஒரு புலம் இருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி கோடு எழுதப்பட்டிருக்கும். நம் பிள்ளைகளே அதை விலை கொடுத்து வாங்கி, தங்கள் பெயர் போட்டுச் சமர்ப்பிக்கிறார்கள். சென்னையிலிருந்து நடக்கும் பெரிய திருமண நிறுவனமே சாதிவாரியாகத் தனித்தனித் தளம் வைத்திருக்கிறது. எந்தப் புலம் கட்டாயம், எது வேண்டாம் என்று முடிவெடுக்கிற நாற்காலியில் நாமும் உட்கார வேண்டும். அதற்காகப் படிக்க வேண்டும். அதற்கு மென்பொருள் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலாவது, தலைப்பை உங்கள் தெருவிலிருந்து எடுங்கள். மென்பொருள் உருவாக்கத்தின் முதல் படி தேவையைக் கேட்டறிவது என்று பாடத்தில் படிக்கிறீர்கள். விசைத்தறியில் முன்பணம் வாங்கியவரின் கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. வாங்கியது எவ்வளவு, வாரக் கூலி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு? நான்கு அட்டவணை போட்டால் தொழிலாளியே தன் கணக்கைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். அதை முதலாளி பார்க்க முடியாதபடி எப்படிப் பாதுகாப்பது என்று யோசித்தால் அதுவே ஓர் அத்தியாயம். நூறு நாள் வேலைக்கு எத்தனை நாள் போனோம், எத்தனை நாள் கூலி ஏறியது என்பது இன்னொரு தலைப்பு. இந்தத் தேவைகள் உங்களுக்குத் தெரியும். புராஜெக்ட் சென்டருக்குத் தெரியாது.

இரண்டாவது, முதல் நாளிலிருந்தே கோடைக் கிட்ஹப்பில் ஏற்றுங்கள். எந்தத் தேதியில் எந்த வரியை யார் மாற்றினார் என்று அது பதிவு செய்துகொண்டே வரும். "இது நீ எழுதியதா?" என்று கேட்கிறவரிடம் வாதாட வேண்டாம், மூன்று மாதப் பதிவைத் திறந்து காட்டுங்கள்.

மூன்றாவது, இருக்கிற கருவியில் தொடங்குங்கள். 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திணறும். ஆனால் லினக்ஸ் போட்டு, பைத்தான், ஃபிளாஸ்க், எஸ்க்யூலைட் வைத்து ஒரு முழுப் புராஜெக்டை அதிலேயே முடிக்கலாம். மூன்றும் இலவசம். 2012 முதல் இயங்கும் 'கணியம்' குழு 'எளிய தமிழில்' என்ற வரிசையில் இலவச மின்னூல்கள் தருகிறது. முதலில் தமிழில் புரிந்துகொண்டு பிறகு ஆங்கிலத்தில் படிப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

நான்காவது, தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து கேளுங்கள். ஆய்வகத்தை மாலை ஏழு மணி வரையிலும், விடுமுறை நாளிலும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். உதவித்தொகை அரசிடமிருந்து வரத் தாமதமானால் அதற்காக மாணவரின் ஹால் டிக்கெட்டை நிறுத்தாதே என்று சொல்லுங்கள். யாருக்கு எந்தக் கைடு என்பதை அறிவிப்புப் பலகையில் போடச் சொல்லுங்கள். 2012-இல் யுஜிசி கொண்டுவந்த விதிகளின்படி சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று எழுதிக் கேளுங்கள். பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்திலேயே 2022-இல் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று கேள்வி வந்தது. அது வெளியே வந்தது, கண்டனம் எழுந்தது, விசாரணை வந்தது. யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு மதிப்பெண் கேள்வியாகவே போயிருக்கும்.

கடைசியாக, படிப்பை முடித்துவிட்ட தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்பதற்கு ஓர் அண்ணனோ அக்காவோ இல்லை என்றேன் அல்லவா, அந்த இடம் உங்களுடையது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேரின் கோடைப் பாருங்கள். முதல் ரிவியூ வருவதற்குள் தொடங்கினால், சென்டருக்குப் பணம் கட்ட வேண்டிய நிலை அந்த ஐந்து பேருக்கு வராது. இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு வைக்கிறோம். உதவி செய்ய முடிந்தவர்கள் ஒரு பக்கத்திலும், உதவி வேண்டுகிறவர்கள் மறு பக்கத்திலும் பெயரும் நேரமும் எழுதிவிட்டுப் போங்கள்.

 ஜெய்பீம்.