ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்ஒர்க்கும் லாரி வாடகைக் கணக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் வாசலிலேயே ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ரியாக்ட் படிக்கட்டுமா, ஆங்குலர் படிக்கட்டுமா, வியூ படிக்கட்டுமா?" மூன்றும் நல்லவைதான். ஆனால் எதைப் படித்தாலும், அதற்குள் எதை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போறேன்.

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. பிரவுசரில் ஒரு எண் மாறினால், அதைச் சார்ந்து திரையில் எங்கெங்கே என்னென்ன மாற வேண்டுமோ அதைப் பார்த்து மாற்றித் தருவது ஃப்ரேம்ஒர்க்கின் முக்கிய வேலை. கூகுளின் ஆங்குலர் 1.0 வந்தது 2012-ல். ஃபேஸ்புக் தன் ரியாக்டை 2013-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வியூ 2014-ல் வந்தது.

2018-ல் ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் மென்பொருள் எங்கள் கைக்கு வந்தது. வேறொரு குழு பழைய ஆங்குலரில் எழுதியது. 2016 செப்டம்பரில் கூகுள் ஆங்குலர் 2-ஐ வெளியிட்டிருந்தது. பெயர்தான் ஒன்று, உள்ளே எல்லாமே வேறு. பழைய நிரலை அப்படியே தூக்கி அதில் வைக்க முடியாது. பழையதற்குக் கெடுவும் குறித்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. எப்படியும் திருப்பி எழுத வேண்டியதுதான் என்று ரியாக்டில் இறங்கினோம்.

திரைகளை மாற்றுவது பெரிய வேலையாக இல்லை. வாடகைக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடுவதில்தான் மாதக்கணக்கில் போனது. குறைந்தபட்ச எடை ஒரு திரையில், ஏற்றுக்கூலி இன்னொரு திரையில், லாரி காத்துக் கிடந்தால் போடும் ஹால்டிங் சார்ஜ் ஒரு பட்டனுக்குப் பின்னால். ஒரே விதி மூணு இடத்தில், மூணும் வேறு வேறு மாதிரி! எது சரி?

கடைசியில் புக்கிங் கிளார்க் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். முப்பது வருஷ சர்வீஸ். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கேட்டார்: "ஏன் தம்பி, கம்ப்யூட்டர் தப்பா பில் போட்டா பார்ட்டி கம்ப்யூட்டரையா கேப்பான்? என்னைத்தானே கேப்பான்." பில்லில் 200 ரூபாய் குறைந்தால் அது அவர் சம்பளத்தில்தான் பிடித்தமாகுமாம். எங்களுக்கு அதுவரை தெரியாது.

அதனால் விதிகளையெல்லாம் தனி ஃபைலில், வெறும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்களாக எழுதினோம். எடை, தூரம், காத்திருந்த மணி, இந்த மூன்றையும் கொடுத்தால் தொகை வரும். ரியாக்ட் என்ற பேச்சே அதற்குள் கிடையாது. கிளார்க்கின் பழைய பில் புத்தகங்களிலிருந்து 60 பில்களை எடுத்து அவற்றையே சோதனையாக வைத்தோம். அதே ஃபைல் சர்வரிலும் ஓடியது. பிரவுசர் அனுப்பும் தொகையை சர்வர் நம்பாது, தானே ஒரு முறை போட்டுப் பார்க்கும். 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8-ல் ஹூக்ஸ் வந்து, திரை எழுதும் முறையே மாறியது. பாதித் திரைகளைத் திருப்பி எழுதினோம். வாடகை ஃபைலை யாரும் தொடவில்லை.

பைசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பணத்தைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, இரட்டை ரசீது. ஊருக்கு வெளியே சிக்னல் மந்தம். டிரைவர் அவசரப்படுத்துவார், கிளார்க் பட்டனை இரண்டு தடவை அழுத்துவார், ஒரே லோடுக்கு இரண்டு எல்.ஆர். விழும். முதல் அழுத்தத்திலேயே பட்டனை முடக்கினால் போதாதா? போதாது. பக்கத்தை ரீலோட் செய்தால் பட்டனுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். படிவம் திறக்கும்போதே அதற்கு ஓர் எண் கொடுத்து, அதை பிரவுசரின் சேமிப்பில் எழுதி வைத்தோம். ரீலோட் ஆனாலும் அதே எண்தான் வரும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புது எல்.ஆர். போடாமல், முதலில் போட்டதையே திருப்பி அனுப்பும். எந்த ஃப்ரேம்ஒர்க்கும் இதை உங்களுக்காகச் செய்து தராது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். நம் கேன்டீன் டோக்கனுக்கு ஒரு படிவம் செய்யுங்கள். முதலில் எந்த ஃப்ரேம்ஒர்க்கும் இல்லாமல், பிறகு ரியாக்டில், பிறகு வியூவில். மூன்றிலும் விலைக் கணக்கு ஃபைல் ஒரே ஃபைலாக, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். முடித்தவர்கள் சங்கத்து முகவரிக்கு எழுதுங்கள், நான் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். அடுத்த பேச்சாளர் காத்திருக்கிறார்.