ஹெல்ப்பர் என்றொரு சாதி

(கப்பலூரில் நடந்த கல்வி உரிமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவாங்க. இன்னிக்கு படிப்பைப் பத்தியும் வேலையைப் பத்தியும் பேசச் சொல்லியிருக்காங்க. பகலெல்லாம் வங்கிக் கவுண்டர்ல ரூபாயும் காகிதமும் பார்க்கிறவன் நான். அதனால காகிதத்தைப் பத்தியே பேசுறேன்.

கப்பலூரைச் சுத்திப் பாருங்க. நாலுவழிச் சாலை, சுங்கச்சாவடி, உத்தங்குடிக்குப் போற ரிங் ரோடு, சிட்கோ தொழிற்பேட்டை. சைக்கிள் மிதிச்சாப் போற தூரத்துல நம்ம தெருக்கள். தொழிற்சாலை நமக்குத் தூரமில்லை. மெஷின்தான் தூரம். நம்ம ஆட்கள் கேட்டுக்குள்ளே போகாமலா இருக்காங்க? போறாங்க. லோடு இறக்க, இரும்புப் பிசிறு கூட்ட, கக்கூஸ் கழுவ. கேட்டா ஹெல்ப்பர். இருபது வயசுல ஹெல்ப்பர், நாற்பது வயசுலயும் ஹெல்ப்பர். அப்பன் மாட்டு வண்டியில மூட்டை இறக்கினான், மகன் கண்டெய்னர்ல பெட்டி இறக்குறான். இதுக்குப் பேர் வளர்ச்சின்னா, சாதிக்குப் பேண்ட் சட்டை போட்டுவிட்டதைத்தான் வளர்ச்சி என்கிறார்கள்.

ஹெல்ப்பருக்கும் டர்னருக்கும் நடுவுல இருக்கிறது ரத்தமோ, புத்தியோ அல்ல. ஒரு சான்றிதழ். இரண்டு வருசப் பயிற்சி. அந்த இரண்டு வருசத்தை நம்ம வீட்டுப் பிள்ளைக்கு யார் கொடுப்பது என்பதுதான் இன்றைய அரசியல் கேள்வி.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அண்ணல். 1942-இல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அவர் கொடுத்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களின் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கென்று உள்நாட்டில் படிக்க ஆண்டுக்கு 2 லட்சமும், வெளிநாட்டில் படிக்க 1 லட்சமும் கேட்டார். கலைப் படிப்பும் சட்டமும் மட்டும் போதாது, உயர்ந்த தொழில்நுட்பக் கல்வி வேண்டும் என்பது அவர் வாதம். செலவு மிகுந்த படிப்பென்பதால் அரசு உதவியில்லாமல் அது நமக்கு எட்டாது என்பதும் அவருக்குத் தெரியும். 1944-இல் ஆரம்பித்த போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை அந்த மனு போட்ட விதை. அது அரசு போட்ட பிச்சையல்ல. நாம் கேட்டு வாங்கியது.

இங்கே சில தோழர்கள் ஒரு சந்தேகம் எழுப்பலாம். "அவன் பிள்ளை ஐஐடி போவான், நம்ம பிள்ளை ஐடிஐ போகணுமா? இது புதுக் குலக்கல்வி இல்லையா?" நியாயமான சந்தேகம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. காமராசர் வந்ததும் 1954-இல் அது கைவிடப்பட்டது. 2023-இல் வந்த விஸ்வகர்மா திட்டமும் 18 பரம்பரைத் தொழில்களைப் பட்டியல் போட்டது. அந்த வடிவத்தில் அதை ஏற்க முடியாதென்று 2024-இல் தமிழக அரசு மறுத்தது.

ஆனா வித்தியாசத்தைப் பாருங்க. குலக்கல்வி அப்பன் கையிலிருந்த கருவியையே மகன் கையில் கொடுக்கிறது. நாம் கேட்பது அப்பனைத் தொடவே விடாத கருவியை. சிஎன்சி மெஷினுக்குக் குலமில்லை. அதோடு ஐடிஐ முட்டுச்சந்தும் இல்லை. ஐடிஐ முடிச்சவன் பாலிடெக்னிக்கில் நேரா இரண்டாம் வருசம் சேரலாம். டிப்ளமோ முடிச்சவன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருசம் சேரலாம். ஏணிப்படி இருக்கிறது. ஏணியை மறைச்சு வச்சு முதல் படியிலேயே நிறுத்தினால்தான் அது குலக்கல்வி.

படிக்கக் காசு எங்கே என்பீர்கள். கே.புதூரில் தொழிற்பேட்டையும் அரசு ஐடிஐயும் ஒரே பகுதியில் இருக்கின்றன. மதுரையில் 1946-இல் தொடங்கிய தமிழ்நாடு பாலிடெக்னிக் இருக்கிறது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாசும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று ஆரம்பித்தன. ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களும் அதில் சேர்த்தி. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்க 2012-இல் அரசாணை 92 வந்தது. "உதவித்தொகை வந்தாத்தான் டி.சி. தருவோம்" என்று மிரட்டும் நிர்வாகங்களிடம் ஒன்று சொல்லுங்கள்: மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாதென்று யுஜிசி 2018-இலேயே அறிவித்திருக்கிறது.

கடன் கடைசி வழி. கேட்க நேர்ந்தால் கூனிக் குறுகிக் கேட்காதீர்கள். "வீட்டுப் பத்திரம் இருக்கா, நிலம் இருக்கா" என்று ஒரு கேள்வி வரும். நிலமிருந்தால் நாம் ஏன் கவுண்டரில் நிற்கிறோம்? 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு ஈட்டுப் பத்திரம் தேவையில்லை. ஐடிஐ, பாலிடெக்னிக் படிப்புக்கென்றே 2015-இல் திறன் கடன் திட்டமும் வந்தது. மறுக்கிறார்களா, மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால சொல்றதை எழுதச் சொன்னா பாதிப் பேர் மனசு மாறிடும். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் சொல்றேன்.

இப்ப முக்கியமான விசயம். தனியார் ஆலையில் இடஒதுக்கீடு கிடையாது என்றுதானே சொல்கிறோம்? வேலைக்கு இல்லை, உண்மைதான். ஆனால் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-இல் 3ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். குறிக்கப்பட்ட தொழில்களில் பயிற்சி இடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முதலாளி ஒதுக்க வேண்டும், மாநிலத்தில் அவர்கள் மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டு. தனியார் முதலாளிக்கும் இது பொருந்தும். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், மொத்த ஆளில் 2.5 முதல் 15 சதவீதம் வரை.

அரை நூற்றாண்டாகக் கிடக்கிறது இந்தப் பிரிவு. தெரிந்தவன் சொல்ல மாட்டான், தெரியாதவன் கேட்க மாட்டான். சின்னப் பட்டறைகளில் முப்பது பேர் இருக்க மாட்டார்கள், அங்கே கட்டாயமில்லை. இருந்தாலும் அப்ரண்டிஸ் எடுத்தால் ஒதுக்கீடு அங்கேயும் உண்டு. பெரிய ஆலைகளில் எத்தனை பேரை எடுத்தார்கள், அதில் நம்மவர் எத்தனை? மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடலாம். ஒரு டீ காசு.

ஆகவே மூன்று வேலை. ஒன்று: ஒவ்வொரு தெருவிலும் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகளின் பட்டியல் எடுப்போம். ஆண்பிள்ளையை மட்டுமல்ல, தங்கச்சிகளையும் எழுதுங்கள். லேத் பொம்பளை கைக்கும் சுத்தும். இரண்டு: சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு இந்த நாலையும் சேர்க்கைக்கு முன்னாடியே சரி பண்ணுவோம். ஒரு காகிதம் இல்லாமல் ஒரு வருசத்தை இழக்கக் கூடாது. மூன்று: 3ஏ பிரிவைக் கேட்போம். மனுவாக, அப்புறம் கூட்டமாக.

நம்மைக் காலங்காலமா வெளியே நிறுத்தியதும் எழுத்துதான். அதே எழுத்தை இப்போது நம் கையில் பிடிப்போம். ஹெல்ப்பர் என்ற சாதி இந்தத் தலைமுறையோடு ஒழியட்டும். பட்டியல் எழுத நோட்டு கொண்டு வந்திருக்கிறேன். முதல் பேரை யார் சொல்றீங்க?