எம்.ஆர்.ஐ.: கழற்றி வைப்பதும் கொண்டு செல்வதும்





எம்.ஆர்.ஐ. எடுக்க நம் டிரஸ்டில் உதவி கேட்டு வருபவர்கள் பலரும் பயந்தே வருகிறார்கள். பயம் வேண்டாம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் போல இதில் எக்ஸ் கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். சத்தம் பலமாக இருக்கும். காதை மூடித் தருவார்கள். அசையாமல் படுத்திருந்தால் போதும்.

ஆனால் 1.5 டெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அது இழுக்கும். ஆகவே தாயத்து, நகை, ஹிஜாப் பின் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பின் இல்லாத பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளக் கேளுங்கள். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் கருவி இருந்தால் முன்பே சொல்லுங்கள். மறைத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பழைய படம். கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்பதை முந்தைய படத்தோடு ஒப்பிட்டே டாக்டர் சொல்ல முடியும். "வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம்" என்று சிலர் சொல்லும்போது நமக்கு மனம் வலிக்கிறது. ஜகாத், சதகா பணத்தில் எடுத்த படம் அது. வீட்டில் வைக்க இடமில்லையென்றால் நம் அலுவலகத்தில் கொடுங்கள். பெயர் எழுதிப் பத்திரமாக வைத்துத் தருகிறோம்.

மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.