பாத்தியில் தொடங்கி குவளையில் முடியும் பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இரத்த பிளாஸ்மாவில் என்னென்ன இருக்கின்றன என்பதை நம் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று பேசச் சொன்னீர்கள். உப்புப் பாத்தியில் தொடங்குங்கள், தண்ணீர்க் குவளையில் முடியுங்கள் என்பதே என் யோசனை.

இரத்தத்தில் சுமார் 55 சதவீதம் பிளாஸ்மா. அதில் 90 முதல் 92 சதவீதம் நீர். சுமார் 7 சதவீதம் புரதம். மீதி உப்புகள், குளுக்கோஸ், யூரியா, ஹார்மோன்கள் போன்றவை. புரதங்களில் அதிகம் இருப்பது அல்புமின். இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதுதான். அது மிகவும் குறைந்தால் கால் வீங்கும். நோயை எதிர்ப்பவை குளோபுலின்களில் ஒரு வகை. இரத்தம் உறைய உதவுவது ஃபைப்ரினோஜன்.

இனி உப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பிளாஸ்மாவில் உள்ளது ஏறக்குறைய அதில் கால் பங்கு. மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம். 200 மில்லி குடிநீரில் 1.8 கிராம் சமையல் உப்பைக் கரைத்து ஒரு சொட்டு நாவில் வைக்கச் சொல்லுங்கள். "கண்ணீர் மாதிரி இருக்கு சார்" என்பார்கள். சோடியம், குளோரைடு, பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கடலிலும் உண்டு, இரத்தத்திலும் உண்டு, அளவுதான் வேறு. உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரை நம் பிள்ளைகள் அறிவார்கள். அந்தக் கசப்புக்குக் காரணம் மெக்னீசிய உப்புகள்.

பாத்தியில் வெயில் ஏற ஏற நீர் வற்றி உப்பு செறிகிறது. அது நமக்கு வேண்டும். உடம்பில் அது கூடாது. பிளாஸ்மாவில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோலுக்குள் நிற்க வேண்டும். வியர்வையில் உப்பைவிட நீரே அதிகம் போவதால் பிளாஸ்மா செறிகிறது. உடனே தாகம் எடுக்கிறது. சிறுநீரகமும் நீரை மிச்சம் பிடிக்கிறது. குடிக்காமல் நாள் கணக்கில் உழைத்தால் பாதிக்கப்படுவது அந்தச் சிறுநீரகம்தான்.

இது நம் பிள்ளைகளின் பெற்றோர் கதை. தமிழக உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வு, பெரும்பாலோர் பரிந்துரைக்கப்பட்ட வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதையும், சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதையும் காட்டியது. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் அங்கே உண்டு.

நம் வகுப்பறைகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து காலை முதல் மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மாணவியரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குடிக்க மணி அடிப்பது நல்லது. ஆனால் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லையென்றால் அந்த மணியால் பயனில்லை.

ஆகவே இந்தப் பாடத்தை நடத்தும் வாரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். கழிப்பறைக் கதவைப் பாருங்கள். குறையிருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை லிட்டர் கணக்குப்படி கரைக்கக் கற்றுக்கொடுங்கள்; குளுக்கோஸ் இருந்தால் குடல் சோடியத்தையும் நீரையும் விரைந்து உறிஞ்சும் என்று காரணமும் சொல்லுங்கள். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் ஏன் நல்லவை என்பதை வீட்டில் விளக்குவதே அன்றைய வீட்டுப்பாடமாக இருக்கட்டும்.

தேர்வில் இது இரண்டு மதிப்பெண் வினாவாக இருக்கலாம். உப்பளத்துக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரியது.